மூலமொழித் தேர்ச்சியை அளந்தறிவது எவ்வாறு?

இறையியல் கல்லூரிகளில் கிரேக்கமும் எபிரெயமும் கற்பிக்கப்படுவது, திருமறையை அதன் மூலமொழியில் வாசித்துப் பொருள் காணும் ஆயர்களை உருவாக்குவதற்கே என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், தேர்வில் வெற்றி பெற்ற மாணவர் உண்மையிலேயே அவ்வாறு வாசிக்க வல்லவர்தாமா என்பதை எதைக்கொண்டு அறிகிறோம் என்று கேட்டால், விடை அத்துணை எளிதில் வருவதில்லை. மதிப்பெண் பட்டியலை எடுத்துக் காட்டுவோம். அம்மதிப்பெண் எதனை அளந்தது என்பதே இங்கு நாம் ஆராய விழையும் வினா.

இவ்வினா ஆசிரியர்களின் அலுவல் சார்ந்த சிறு சிக்கல் அன்று. அளவுகோல் தவறாயின் கேடு இரு வகையில் விளையும். மூலமொழியை வாசிக்க இயலாத ஒருவர் தேர்ச்சி பெற்று, பீடத்தில் நின்று, 'கிரேக்கத்தில் இதன் பொருள் யாதெனில்' என்று துணிந்து பேசுவார்; சபையார் அதனை ஆராய வழியின்றி ஏற்றுக்கொள்வர். மறுபுறம், மொழியறிவு வாய்க்கப்பெற்ற ஒருவர், அம்மொழிக்குத் தொடர்பில்லாத காரணத்தால் தோல்வியுற்று, 'எனக்குக் கிரேக்கம் வராது' என்னும் எண்ணத்தோடு ஊழியத்திற்குச் செல்வார். முன்னது சபைக்கு இழைக்கப்படும் தீங்கு. பின்னது மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி.

1. மனப்பாடம் என்னும் திரை

அயல்மொழி வகுப்புகள் எல்லாவற்றிலும் தேர்ச்சியை அளப்பது கடினமே. எனினும், திருமறை மொழிகளைக் கற்பிக்கும் நமக்கு மட்டுமே உரிய தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பிரெஞ்சு மொழி பயிலும் மாணவருக்குத் தேர்வுத்தாளில் வரும் உரைப்பகுதியின் தமிழாக்கம் முன்னமே தெரிந்திராது. நம் மாணவருக்கோ அது குழந்தைப் பருவத்திலேயே தெரியும். ஞாயிறு பள்ளியில் பரிசு பெறுவதற்காக மனனம் செய்த வசனங்களும், குடும்ப செபத்தில் நாள்தோறும் கேட்ட அதிகாரங்களும் அவர் உள்ளத்தில் பதிந்துள்ளன. கிரேக்க வரியில் அறிமுகமான இரண்டு சொற்களைக் கண்டதும் அவ்வசனம் முழுவதும் தமிழில் தானாகவே எழுந்து வருகிறது. அவர் அதனை எழுதிவிடுகிறார். நாமும் சரியென்று குறியிடுகிறோம்.

இதனை ஏமாற்று என்று கூறலாகாது. திருமறையை மனத்தில் பதித்து வைத்திருப்பது போற்றத்தக்க செல்வமே. ஆயினும், அவ்விடைத்தாள் அளந்தது ஞாயிறு பள்ளியின் பயனையேயன்றிக் கிரேக்க வகுப்பின் பயனை அன்று. குறித்த சில அதிகாரங்களைப் பாடமாக வைத்து, அவற்றிலிருந்தே மொழிபெயர்க்கும் பகுதியைக் கேட்கும் வழக்கம் நீடிக்கும்வரை இத்திரை விலகாது. பழைய ஏற்பாட்டு வகுப்பில் ரூத், யோனா ஆகிய நூல்களைப் பாடமாக வைப்பதிலும் இதே இடர் உண்டு. அவற்றின் எபிரெய நடை எளியது என்பது உண்மை. கதையும் அதேயளவு அறிமுகமானது என்பதும் உண்மை.

2. பாடத் தேர்ச்சியும் மொழித்திறனும்

மொழித்தேர்வு பற்றி ஆராய்ந்தோர் இரண்டு அளவைகளை வேறுபடுத்திக் காட்டுவர். கற்பித்த பாடத்தை மாணவர் எவ்வளவு உள்வாங்கினார் என்று அளப்பது ஒன்று. எந்தப் பாடநூலைப் படித்தவராயினும், அம்மொழியைக் கொண்டு அவரால் யாது செய்ய இயலும் என்று அளப்பது மற்றொன்று. முன்னதைப் பாடத் தேர்ச்சி என்றும், பின்னதை மொழித்திறன் என்றும் வழங்கலாம்.

அமெரிக்க அரசின் வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் 1950களில் தன் அலுவலர்களின் அயல்மொழித் திறனை 0 முதல் 5 வரையிலான படிகளில் குறிக்கும் முறையை வகுத்தது. ஓர் அலுவலர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதை விடுத்து, அவர் அம்மொழியில் எப்பணியை நிறைவேற்றக் கூடும் என்பதையே அது கேட்டது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகமும் ஆறு படிகளை வகுத்து, ஒவ்வொரு படியையும் 'இவரால் இதனைச் செய்ய இயலும்' என்னும் கூற்றுகளாலேயே விளக்குகிறது. ஜெர்மனியில் இறையியல் மாணவர் எழுதும் 'கிரேக்கும்' என்னும் கிரேக்கத் தேர்விலும், பிளாட்டோவின் உரைநடையையொத்த, முன்னர்ப் பார்த்திராத ஒரு பகுதியை மொழிபெயர்க்கும்படி கேட்பது நெடுங்கால மரபு. வாய்மொழித் தேர்வும் அதனோடு இணைந்து வரும்.

இவற்றை அப்படியே நாம் மேற்கொள்ள இயலாது. கிரேக்கத்தில் உரையாடும் ஆயரை நாம் எதிர்நோக்கவில்லை. நமக்கு வேண்டுவது வாசிக்கும் திறன். ஆனால், 'எத்தனை பிழை செய்தார்' என்னும் கேள்வியிலிருந்து 'எதனைச் செய்ய வல்லவர்' என்னும் கேள்விக்கு நகர்வது நமக்கும் பொருந்தும். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 5,400 வெவ்வேறு சொற்கள் உள்ளன. அவற்றுள் 50 முறையும் அதற்கு மேலும் வருபவை ஏறத்தாழ 300 மட்டுமே. எனினும் ஓடும் வாசகத்தில் ஐந்தில் நான்கு பங்கு அச்சொற்களே. ஆகவே, 'மிகுதியாக வழங்கும் முந்நூறு சொற்களை அறிந்து, அகராதியின் துணையோடு யோவான் நற்செய்தியின் ஒரு பத்தியைத் தாமே வாசிக்க இயலும்' என்பதை முதலாண்டு முடிவில் அடையவேண்டிய படியாகக் குறிக்கலாம். 'பவுலடியாரின் நீண்ட வாக்கியம் ஒன்றில் எழுவாயையும் முற்றையும் பிரித்தறிந்து, இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளின் வேறுபாட்டிற்குக் காரணம் கூற இயலும்' என்பதை இரண்டாம் ஆண்டுக்கு உரிய படியாகக் கொள்ளலாம். இவ்வாறு குறித்தால் மாணவரும் தாம் எங்கு நிற்கிறோம் என்பதை அறிவர்.

3. எம்மொழியில் தேர்வு?

கிரேக்க அறிவை அளப்பதாக எண்ணி ஆங்கில அறிவை அளந்துவிடும் இடர் நம்மிடையே மிகுதி. மேச்சன் 1923இலும் வென்ஹம் 1965இலும் வெளியிட்ட தொடக்க இலக்கண நூல்கள் பல தலைமுறைகளாக நம் நாட்டு வகுப்புகளில் பயன்பட்டு வந்துள்ளன. அவை சிறந்த நூல்களே. ஆனால் ஆங்கிலம் அறிந்தோர்க்கென்று எழுதப்பட்டவை. தமிழ்வழிப் பயின்று வந்த மாணவர், தமக்கு முழுதும் கைவராத மொழி ஒன்றின் வாயிலாக மூன்றாவது மொழியைக் கற்கிறார். அவர் விடையில் பிழை காணும்போது, அது கிரேக்கத்தில் நேர்ந்ததா, ஆங்கிலத்தில் நேர்ந்ததா என்று நாம் பகுத்துப் பார்க்கிறோமா?

உண்மையில், தமிழ் மாணவர் கிரேக்கத்தை அணுகும்போது வெறுங்கையோடு வருவதில்லை. ஆங்கில மாணவர் மிரளும் வேற்றுமை உருபுகள் நமக்குப் புதியவை அல்ல. தொல்காப்பியம் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமை கூறுகிறது, கிரேக்கத்திற்கு ஐந்தே. வினைச்சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரிக்கும் பகுபத உறுப்பிலக்கணத்தைப் பள்ளியிலேயே பயின்றவர்க்குக் கிரேக்க வினையின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுவது எளிதில் விளங்கும். வினையின் விகுதியே எழுவாயின் எண்ணையும் இடத்தையும் உணர்த்தும் என்பதும் நமக்குப் பழகியதே.

மாறாக, தமிழ் மாணவர் இடறும் இடங்கள் வேறு. பெயருக்கு முன் நிற்கும் சுட்டுச்சொல் தமிழில் இல்லை. ஆகையால் கிரேக்கத்தில் அது வருவதையும் வராமையையும் நம் மாணவர் கவனியாது கடந்து செல்வர். யோவான் 1:1இன் இறுதித் தொடரில் 'தெயொஸ்' என்னும் சொல் சுட்டின்றி வருவதைக் காட்டி வாதிடுவோர் நம் சபையாரின் வீட்டுக் கதவைத் தட்டுகின்றனர். பயனிலையாக வரும் பெயர் வினைக்கு முன் நிற்கும்போது சுட்டின்றி வருவது கிரேக்கத்தில் பெருவழக்கு என்பதை அறிந்த ஆயரே அவ்வீட்டாருக்கு அமைதியாக விளக்கம் கூற இயலும். செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் இடையே நிற்கும் நடுவினையும் அத்தகையதே. தமிழ் மாணவர்க்கென்று அமையும் தேர்வு, இத்தகைய இடங்களிலேயே ஆழமாகத் தோண்டிப் பார்க்கவேண்டும். ஆங்கில நூலின் பயிற்சி வினாக்களை எடுத்தாளும்போது, ஆங்கிலேயர் இடறும் இடங்களில் நம் மாணவரைச் சோதித்து, நம் மாணவர் இடறும் இடங்களைத் தொடாமலே விட்டுவிடுகிறோம்.

4. வினாக்களை அமைக்கும் முறை

மனப்பாடத்தின் திரையை விலக்கும் வினாக்கள் சிலவற்றை எடுத்துக்காட்டாகத் தருகிறோம்.

முதலாவது, மாற்றியமைத்த வாக்கியம். யோவான் 3:16இன் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். சொற்களின் வரிசையை மாற்றாமல், 'தெயொஸ்' என்பதைத் 'தெயொன்' என்றும், 'கொஸ்மொன்' என்பதைக் 'கொஸ்மொஸ்' என்றும், அவற்றின் சுட்டுச்சொற்களையும் அதற்கேற்பவும் மாற்றிவிட்டால், அன்புகூர்பவர் யார், அன்பைப் பெறுபவர் யார் என்பது தலைகீழாகிவிடும். கிரேக்கத்தை வாசிப்பவர் உலகமே கடவுள்மீது அன்புகூர்ந்ததாக எழுதுவார். நினைவிலிருந்து எழுதுபவர் பழகிய வசனத்தையே எழுதுவார். ஒரே வரியில் இருவரையும் வேறுபடுத்தி அறியலாம்.

இரண்டாவது, முன்பின் அறியாத பகுதி. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தை ஒத்த நடையில் அமைந்து, நம் மாணவர் தமிழில் மனனம் செய்திராத நூல்கள் உள்ளன. செப்துவஜிந்த் எனப்படும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் அருகியே வாசிக்கப்படும் பகுதிகளைத் தேர்ந்துகொள்ளலாம். 1873இல் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சேறிய 'திதகே' என்னும் தொடக்கத் திருச்சபை நூலும் இதற்குப் பெரிதும் ஏற்றது. அதன் 11ஆம் அதிகாரம், ஊர் ஊராக வரும் அப்போஸ்தலர் ஒரு நாளும், தேவையாயின் மற்றொரு நாளும் தங்கலாம் என்றும், மூன்று நாள் தங்குபவர் கள்ளத் தீர்க்கதரிசி என்றும் கூறுகிறது. இதனை எவரும் ஊகித்து எழுத இயலாது; வாசித்தே எழுதவேண்டும். அரிய சொற்களின் பொருளை வினாத்தாளின் அடியில் தந்துவிடலாம்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பில் மறைந்துபோன அமைப்பைக் கேட்கும் வினா. மத்தேயு 28:19, 20 வசனங்களில் கிரேக்க வாக்கியத்தின் ஏவல் முற்று ஒன்றே. அது சீடராக்குதலைக் குறிக்கும் 'மதேத்யூசத்தெ' என்னும் சொல். போதல், திருமுழுக்கு அளித்தல், கற்பித்தல் ஆகிய மூன்றும் எச்ச வடிவில் வந்து அம்முற்றைச் சார்ந்து நிற்கின்றன. தமிழிலோ முற்று இறுதியில் நிற்பது மரபு. ஆதலின் நம் பழைய மொழிபெயர்ப்பில் சீடராக்குதல் 'சீஷராக்கி' என எச்சமாகிவிட, உபதேசித்தலே முற்றாக அமைந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமோ சீடராக்குதல், திருமுழுக்குக் கொடுத்தல், கற்பித்தல் மூன்றையும் தனித்தனி ஏவல்களாக்கியது. 'இவ்வாக்கியத்தின் முற்று வினை யாது? அதனைச் சார்ந்து நிற்பவை யாவை?' என்று கேட்டால், தமிழை மட்டும் நினைவில் கொண்டவர் உபதேசித்தலையோ மூன்றையுமோ காட்டுவார். கிரேக்கத்தை வாசித்தவர் சீடராக்குதலைக் காட்டுவார். பெருங்கட்டளை ஞாயிறன்று அவர் ஆற்றப்போகும் அருளுரையின் மையமே இவ்விடையைப் பொறுத்தது.

நான்காவது, மூலம் கூறாததை உணர்கின்றாரா என்று கேட்கும் வினா. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கிரேக்கத்தில் அவ்வேறுபாடு இல்லை. மாற்கு 4:38இல் புயலிடையே சீடர்கள் இயேசுவை எழுப்பிக் கூறும் சொற்களில், மடியப்போகிறவர்களுள் அவரும் அடங்குவாரா? நம் பழைய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என்றே கொண்டது. 'இம்முடிவு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததா, மொழிபெயர்த்தோரின் உய்த்துணர்விலிருந்து வந்ததா? நீவிர் மொழிபெயர்ப்பின் எதனைத் தெரிந்துகொள்வீர், ஏன்?' என்று கேட்கலாம். மூலம் எங்கே பேசுகிறது, எங்கே மௌனமாயிருக்கிறது என்று அறிவதும் மொழித்திறனே. பீடத்தில் அளவிறந்து பேசாதபடி ஆயரைக் காப்பதும் இதுவே.

ஐந்தாவது, உரக்க வாசித்தல். நம் தேர்வுகள் பெரும்பாலும் எழுத்துத் தேர்வுகளாகவே நின்றுவிடுகின்றன. ஒரு மாணவர் ஐந்து வரிகளை உரக்க வாசிப்பதைக் கேட்டால், சொற்களை எங்கே சேர்க்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதிலிருந்தே அவர் பொருளுணர்ந்து வாசிக்கிறாரா என்பது புலனாகும். ரோமர் 5:1இல் சில கையெழுத்துப் படிகள் 'எக்கொமென்' என்றும், சில 'எக்கோமென்' என்றும் கூறுகின்றன. குறில் வரின், கடவுளோடு நமக்குச் சமாதானம் உண்டு என்னும் அறிவிப்பு. நெடில் வரின், அச்சமாதானத்தைப் பெற்றிருப்போமாக என்னும் அழைப்பு. குறில் நெடில் வேறுபாட்டில் பழகிய தமிழ்ச் செவிக்கு இதனைப் பிரித்தறிவது அரிதன்று. அதற்கு வாய்ப்பளிப்பதே நம் கடன்.

5. மதிப்பெண் இடும் முறை

பிழைக்கு ஒரு மதிப்பெண் எனக் கழித்துக்கொண்டே செல்லும் முறையில் குறைபாடு உண்டு. ஒரே விகுதியைத் தவறாக உணர்ந்தவர், அது வரும் இடந்தோறும் மதிப்பெண் இழப்பார். பொருளைச் சிதைக்கும் பிழையும், பொருளைச் சிதைக்காத சிறு பிழையும் ஒன்றாகவே எண்ணப்படும். இதற்கு மாறாக, பகுதியைப் பொருட்கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் எழுவாய்–வினை உறவு சரியா, காலமும் நிலையும் சரியா, சார்ந்து வரும் தொடர் உரிய இடத்தில் இணைக்கப்பட்டதா என்று பார்த்து மதிப்பெண் இடுவது நேர்மையானது. விடைத்தாள்களைத் திருத்துமுன் ஆசிரியர் இருவர் கூடி இதனை முடிவு செய்து, சில தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்த்தால், மதிப்பீடு திருத்துபவரின் மனநிலைக்கேற்ப மாறாது.

நூறு மதிப்பெண்களைப் பின்வருமாறு பகிர்ந்தளிக்கலாம் என்பது நம் கருத்து: பாடமாக வைத்த பகுதிக்கு 25; முன்னறியாத பகுதிக்கு 30; அமைப்பையும் மொழிபெயர்ப்பு வேறுபாட்டையும் விளக்கும் வினாக்களுக்கு 25; உரக்க வாசித்தலுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் 20. ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் வாய்மொழித் தேர்வை நடத்திவிடலாம். இறுதித் தேர்வேயன்றி, வாரந்தோறும் பத்து வரியளவில் நடத்தும் சிறு தேர்வுகளும் இன்றியமையாதவை. அவற்றுக்கு மதிப்பெண் கூட வேண்டுவதில்லை. மாணவர் எங்கே இடறுகிறார் என்பதைக் காட்டினால் போதும். நோயறியும் தேர்வு வேறு, தீர்ப்பளிக்கும் தேர்வு வேறு என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

6. கருவிகள் பெருகிய காலம்

இன்று கைப்பேசியில் ஒரு சொல்லைத் தொட்டவுடனே அதன் வேர்ச்சொல், காலம், இடம், எண், வேற்றுமை அனைத்தும் திரையில் தோன்றுகின்றன. 'எனின் மாணவர் இவற்றை ஏன் மனனம் செய்யவேண்டும்?' என்று கேட்போர் உளர். இக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. ஊழியத்தில் இருக்கும் ஆயர் அக்கருவிகளைப் பயன்படுத்தவே செய்வார். அவ்வாறு பயன்படுத்துவது நன்றே.

ஆயினும், கருவி ஒரு சொல்லை 'எச்சம்' என்று கூறும். அவ்வெச்சம் முற்றோடு எவ்வகையில் இயைகிறது என்று தீர்மானிப்பது வாசிப்பவரின் பணி. கருவி ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் தரும். அவ்விடத்திற்குரியது எது என்று தேர்வதும் அவரின் பணியே. ஐந்து பொருளையும் ஒரே இடத்தில் கொட்டி அருளுரையாக்கும் வழக்கம் பரவிவருவதை நாம் காண்கிறோம். ஆகவே, தேர்வின் ஒரு பகுதியை அகராதியும் இலக்கணக் குறிப்பும் கையில் தந்தே நடத்துவது தக்கது. சொற்களின் இலக்கணக் குறிப்பை வினாத்தாளிலேயே அச்சிட்டுத் தந்து, 'இவற்றைக் கொண்டு இவ்வாக்கியத்தின் பொருளை நிறுவுக' என்று கேட்டால், தகவலைத் தேடும் திறனிலிருந்து தீர்மானிக்கும் திறன் பிரிந்து தெரியும். அடிப்படை வடிவங்களை அறியாதவர் இவ்வினாவிலும் தடுமாறுவர். ஆகவே இம்முறையால் இலக்கணப் பயிற்சி தளரும் என்று அஞ்சவேண்டுவதில்லை.

முடிவாக

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கித் தமிழ் கற்று, கிரேக்கத்திலிருந்து பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. அவருக்குப் பின் பபிரிசியுவும், 1871இல் வெளிவந்த ஐக்கியப் பதிப்பிற்குத் தலைமை தாங்கிய பவரும், பிறரும் மூலமொழிகளோடு போராடியே நம் கையில் இருக்கும் திருமறையைத் தந்தனர். ஒரு தலைமுறையின் மொழிபெயர்ப்பை அடுத்த தலைமுறை சீர்தூக்கிப் பார்க்கவேண்டுமாயின், சீர்தூக்க வல்லவர் சிலரேனும் ஒவ்வொரு தலைமுறையிலும் எழவேண்டும். அவர்களை நம் வகுப்புகளிலிருந்தன்றி வேறெங்கிருந்து எதிர்பார்க்க இயலும்?

இங்குக் கூறிய அனைத்தும் ஓராண்டில் கைகூடமாட்டா. பாடத்திட்டங்கள் மெல்லவே மாறும். ஆசிரியரின் பணிச்சுமையும் மிகுதி. எனினும், வரும் பருவத்தேர்வில் ஒரே ஒரு வினாவை மாற்றியமைக்க எவரிடமும் ஒப்புதல் பெறவேண்டுவதில்லை. மாணவர் மனப்பாடமாக அறிந்த வசனம் ஒன்றில் இரண்டு விகுதிகளை மாற்றி மொழிபெயர்க்கச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் எத்தனை பேர் கிரேக்கத்தை வாசிக்கிறார்கள், எத்தனை பேர் தமிழை நினைவுகூர்கிறார்கள் என்பது அன்று மாலையே தெரிந்துவிடும். மறுநாள் வகுப்பை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதும் அப்போது தெளிவாகும்.